அன்னக்கொடி கையில் வந்த துண்டுகள்

கோழிப்பண்ணை லைனில் பதினாலு வீடு, ஒரு குழாய், ரெண்டு கக்கூஸ், ஒரு திறந்த சாக்கடை, கோழி மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. முன்பு இருந்ததாம், அப்புறம் திருப்பூர் வளர்ந்துகொண்டே வந்து கோழிகளைத் தள்ளிவிட்டு, அந்தக் கொட்டகையையே தடுத்துத் தடுத்து வீடாக்கி பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள், அதனால் அங்கே எல்லா வீட்டுக்கும் கூரை கொஞ்சம் தாழ்வு, ஜன்னல் கொஞ்சம் நீளம். அந்த லைனின் எட்டாம் நம்பர் வீட்டில், புரட்டாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை, செக்கிங் வேலை பார்க்கும் அன்னக்கொடி தூங்கி எழுந்தபோது அவளுடைய இடது கையின் உள்பக்கத்தில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், புளியிலை அளவில் பதினேழு துண்டுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

நின்றன என்றால் நின்றனதான், ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் அவள் தோலே ரெண்டு உதடுபோல மடிந்து இடுக்கிப் பிடித்து, ஜவுளிக்கடைக்காரர் துணியைத் தூக்கிக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. சிலது வெளிர் மஞ்சள், சிலது சாம்பல், ஒன்று முந்தின நாள் சாப்பிட்ட மத்தி மீனின் செதில் நிறம். அவற்றில் நாலு துண்டின்மேல் மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு. கம்பெனியில் பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், தப்பு இங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒட்டுவார்களே, அதே அம்பு ஸ்டிக்கர், கடுகு சைஸில்.

அன்னக்கொடி சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அதற்குமேல் மெனக்கெட அவளுக்கு நேரமில்லை, ஏழரைக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும், நடுவில் விரல்கள் வேறு மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அது ஒரு வருடமாக இருக்கிற தொல்லை. தினமும் காலையில் ரெண்டு மணி நேரத்துக்குப் பத்து விரலும் பத்துக் குச்சி, பல் துலக்கும் பிரஷ்ஷை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டித்தான் துலக்க வேண்டும். அப்படி இருக்கிறவள் துண்டு முளைத்ததற்கெல்லாம் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்க முடியாது.

குழாயடியில் முதலில் பார்த்தது ஏழாம் வீட்டுச் செல்லக்கிளி. தாராபுரத்துக்காரி, கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள், இடுப்பில் ஒன்றரை வயது மகள் நாச்சி எந்நேரமும் தொற்றிக்கொண்டிருப்பாள்.

"ஏனுங்க்கா, கையில என்னுங்க, பிட்டுத்துணி ஒட்டியிருக்குது?"

"துணி இல்ல கிளி. மொளச்சிருக்கு."

"வலிக்குதுங்களா?"

"இது வலிக்கல. வெரலுதான் வலிக்குது."

"அப்ப விடுங்க. கொடத்தைக் கொஞ்சம் நகத்துங்க."

அவ்வளவுதான் விசாரணை. திருப்பூரில் எல்லார் உடம்பிலும் நூலோ பஞ்சோ சாயமோ ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற ஆளுக்குக் கை நீலமாக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்கிறார்களா? அதுபோல இவளுக்குக் கையில் துண்டு.

விஷயம் பிடிபட்டது அடுத்த வாரம். சனிக்கிழமை காலை அவள் கையில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் ஏழெட்டுத் துண்டு வந்தது, எல்லாவற்றின் மேலும் அம்பு. திங்கட்கிழமை லைனில் ஆறு வீட்டுக்கு வயிற்றுப்போக்கு. இருப்பதே ரெண்டு கக்கூஸ், அதன் முன்னால் பக்கெட்டோடு வரிசை, அந்த வரிசையில் மூன்றாவதாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினாலாம் வீட்டுச் சகாயமேரிதான், இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனிகளில் தரம் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், அன்னக்கொடியின் கையைக் காட்டிச் சட்டென்று சொன்னாள்.

"இந்தக் கலர் சனிக்கிழமையே இவ கையில வந்துச்சுல்லா."

வரிசையில் முன்னால் நின்றவள், "கலரைப் பத்தி அப்புறம் பேசு மேரியக்கா, முதல்ல உள்ள போனவன வெளிய வரச் சொல்லு" என்றாள். ஆனால் சகாயமேரி சொன்னது சரிதான். அன்னக்கொடி உடம்புக்குள் எது போனாலும், தண்ணீரில் வந்ததோ தூசியில் வந்ததோ கொசு கொண்டுவந்து விட்டதோ, உள்ளே இருக்கிறவர்கள் அதைப் பிடித்து வெட்டி, வெட்டியதில் ஒரு துண்டை மேலே அனுப்பிக் காட்டினார்கள். சாப்பாடு, சொந்தம் என்றால் சும்மா காட்டுவது. ஆகாத ஆள் என்றால் அம்பு. எல்லார் உடம்புக்குள்ளும் நடக்கிறதுதான் இது, அன்னக்கொடிக்கு அது வெளியே தெரிந்தது, வித்தியாசம் அவ்வளவே.

அதற்குப்பிறகு கோழிப்பண்ணை லைன் ஒரு வழக்கத்துக்கு வந்தது. மூன்றாம் வீட்டுப் பிள்ளைகளின் கிரேயானை வாங்கி, ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் சகாயமேரி ஷேடு கார்டு போட்டாள், சாம்பல் பச்சை என்றால் தண்ணீர் கெட்டது, வெளிர் மஞ்சள் என்றால் சளி, கத்தரிப்பூ நிறம் என்றால் கண்வலி, இப்படி. அதைக் குழாய்க்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள். ஆறரை மணிக்கு அன்னக்கொடி தன் வீட்டு நீள ஜன்னல் வழியாக இடது கையை வெளியே நீட்டுவாள், நீட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து வலது விரல்களை வெந்நீரில் போட்டுக்கொள்வாள், குடத்தோடு வருகிற ஒவ்வொருத்தியும் கையை ஒரு பார்வை, கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் கை சொல்லியது. பக்கத்து லைனிலிருந்தும் வந்தார்கள். ஒன்பதாம் வீட்டு ஒடிசாப் பையன்கள் போட்டோ எடுத்து அவர்கள் ஆட்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மாநகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்தவர்கூட ஒரு நாள் நின்று பார்த்தார், நோட்டைப் பிரித்து முன்னும் பின்னும் புரட்டி, "இதுக்கு நம்ம நோட்டுல எடமே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'பொதுமக்கள் தகவல்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு போனார்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் இளஞ்சிவப்பில் புள்ளி வைத்த துண்டு ஒன்றே ஒன்று வந்து நின்றது, அம்போடு. அது கார்டில் இல்லாத நிறம். ஆனால் செல்லக்கிளிக்கு அது என்னவென்று தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. போன வருடம் இதே மழைக்கு, ஆறு மாதக் குழந்தையாக இருந்த நாச்சி டெங்குவில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், நாலாவது நாள் நர்ஸ் ஒருத்தி செல்லக்கிளியின் தோளைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள், அந்தத் தட்டலை அவள் இன்னும் மறக்கவில்லை. அவள் கார்டைப் பார்க்கவே இல்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் வீட்டுத் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தாள், அதைப் பார்த்து அடுத்த வீடு கவிழ்த்தது, அரை மணி நேரத்தில் லைனில் பதினோரு டிரம் கவிழ்ந்து கிடந்தது, டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு எல்லாம் காலி. சுற்றிலும் நாலு தெருவில் டெங்கு. கோழிப்பண்ணை லைனில் ஒரு பிள்ளைக்கும் இல்லை.

அன்னக்கொடியின் கையை அன்றைக்குச் செல்லக்கிளி பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்னக்கொடிக்கு வலித்தது. சொல்லவில்லை.

சொல்லாதது ஏன் என்றால், அந்தக் கையில் வேறொரு துண்டும் வந்துகொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. சங்கு வெள்ளையில், லேசாக நீலம் ஓடின துண்டு. முதலில் ஒன்று ரெண்டு, அப்புறம் பத்து, அப்புறம் இருபது. தினமும் அம்போடு. எந்த விரல் மூட்டிலிருந்து துண்டு வருகிறதோ அந்த மூட்டு மறுநாள் காலையில் வெந்த சேப்பங்கிழங்காக வீங்கியிருக்கும். அது அவளுடைய சொந்தத் துண்டு. அவளையே வெட்டி, அவளுக்கே காட்டி, ஆகாது என்று அம்பும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் ஒச்சப்பன் அயர்ன் மாஸ்டர். பேச்சுக் குறைவான ஆள், உசிலம்பட்டியிலிருந்து கல்யாணம் கட்டிக் கூட்டி வந்த நாளிலிருந்து அவளிடம் மொத்தமாகப் பேசியதைச் சேர்த்தால் ஒரு பஸ் பிரயாணத்துக்குத்தான் வரும். அவள் விரல் மடங்காமல் போனதிலிருந்து அவன் ஜடை பின்னக் கற்றுக்கொண்டான், ஜாக்கெட் கொக்கி மாட்டக் கற்றுக்கொண்டான். ஜடை எப்போதும் இடது பக்கம் சாய்ந்துகொண்டு போகும். கம்பெனியில் கிண்டல் பண்ணினார்கள். அவள் அவிழ்த்துப் பின்னவில்லை.

கம்பெனியில் அவள் வேலை, பனியனைப் பிடித்து விரித்து, திருப்பி, தையலை விரலால் ஓட்டிப் பார்த்து மடித்துப் போடுவது, ஷிப்டுக்கு அறுநூறு பீஸ். இப்போது முந்நூறு ஆகிவிட்டது, அதுவும் பீஸ் கையிலிருந்து நழுவி நழுவி விழுகிறது. சூப்பர்வைசர் திட்டவில்லை, "ஒரு மாசம் வீட்ல இருந்துட்டு வாங்கக்கா" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

லைன் பெண்கள் அப்போதுதான் வெள்ளைத் துண்டுகளைக் கவனித்தார்கள். கவனித்ததும் அவர்களுக்குத் தோன்றியது என்னவென்று சொன்னால் சிரிப்பு வரும். கண்டெய்னர் வாசலில் வந்து நிற்கிறது, அதில் ஏற்ற வேண்டிய லாட் முடியவில்லை என்கிற நாளில் எல்லாக் கம்பெனியிலும் ஒரு வேலை நடக்கும், அம்பு ஒட்டின பீஸை எடுத்து, குறையைச் சரி பண்ண நேரமில்லாமல் அம்பை மட்டும் உரித்துவிட்டு நல்ல பீஸோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிடுவது. இருபது வருடமாக அதைப் பார்த்தும் செய்தும் பழகினவர்கள். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடியை வாசலில் உட்கார வைத்து, சகாயமேரி கண்ணாடி போட்டுக்கொண்டு, புருவம் பிடுங்கும் இடுக்கியால், வெள்ளைத் துண்டுகளில் இருந்த அம்பை மட்டும் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். முப்பத்தொரு அம்பு.

மறுநாள் வலி இல்லை. அன்னக்கொடி ஒரு வருடத்துக்குப் பிறகு தோசை சுட்டாள், பதினாலு வீட்டுக்கும் கொடுத்தாள். அதற்கு மறுநாள் அறுபது அம்பு வந்தது. மணிக்கட்டு, முழங்கால், தாடை மூட்டு என்று புதுப்புது இடத்திலிருந்தெல்லாம் துண்டு. வாயைத் திறந்து காபி குடிக்க முடியவில்லை.

"ஸ்டிக்கர உரிச்சது தெரிஞ்சு ரீசெக்கிங் போட்டுட்டாங்க மேரியக்கா" என்றாள் அன்னக்கொடி, திறக்காத வாயால். அதற்குச் சகாயமேரி முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

ஒச்சப்பன் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டர் பெயர் நஸ்ரின், முன்னால் எண்பது பேர் வரிசை, சாப்பிட நேரமில்லாத முகம். அவர் கையைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், "இப்படிக் கைய வெச்சுக்கிட்டு ஒரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று திட்டினார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுக்குப் பேரு முடக்குவாதம். சரவாங்கின்னும் சொல்லுவாங்க. நம்ம உடம்புல புரதத்தை வெட்டுற நொதிகள்னு இருக்கும்மா. கத்தரின்னு வெச்சுக்கோங்க. கிருமி வந்தா வெட்டித் துண்டு போட்டு, காவலுக்கு நிக்கிற அணுக்கள்கிட்ட காட்டும். அது வேணும், அது இல்லேன்னா சாதாரணச் சளியிலயே போயிருவோம். உங்களுக்கு என்னன்னா, மூட்டுக்குள்ள இருக்கிற உங்க சொந்தச் சதையை வெட்டிக் காட்டுது, காவல் அதைப் பாத்து அந்நியன்னு சொல்லுது. சொன்ன ஒடனே இன்னும் நூறு கத்தரி அங்க வந்து குருத்தெலும்பைக் கரைக்குது. இங்க பாருங்க, ஓரம் அரிச்சிருக்கு."

அன்னக்கொடி எக்ஸ்ரேயைப் பார்த்தாள். அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், நேவி ப்ளூ டீ-ஷர்ட் லாட் ஒன்று, சரக்கு வாங்குகிற பையர் கையெழுத்துப் போட்ட அப்ரூவல் சாம்பிளை அவள் மேஜைக்கு மேலே மாட்டியிருந்தார்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நிறம் மாறினதையெல்லாம் ஒதுக்க வேண்டும். அவள் ஒதுக்கினாள். காலையிலிருந்து ராத்திரி வரை, ஒன்றரை ஷிப்டில் தொள்ளாயிரம் பீஸ், எல்லாவற்றிலும் அம்பு ஒட்டினாள், கண்ணை இமைக்காமல், ஒரு பீஸ் தப்பவிடாமல். கடைசியில் பார்த்தால் லாட்டில் ஒரு குறையும் இல்லை. சாம்பிள்தான் பன்னிரண்டு நாள் ஜன்னல் வெயிலில் தொங்கி வெளுத்துப் போயிருந்தது.

"அப்ப உள்ள இருக்கிறவன் கெட்டவன் இல்லீங்க டாக்டர்" என்றாள். "அவன்கிட்ட இருக்கிற சாம்பிள் வெளுத்துப் போச்சு. வேலைய ஒழுங்காத்தான் பாக்குறான்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "ஒழுங்காத்தான் பாக்குறான். அவன் இப்படியே ஒழுங்கா பாத்தா ஆறு மாசத்துல உங்க விரல் எல்லாம் கோணிடும். கோணினா திரும்பாது. மாத்திரை தரேன், வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை வியாழக்கிழமை போடுங்க. வெட்டுறது மட்டுப்படும்."

"கையில வர்ற துண்டு?"

"அதுவும் நின்னுடும். இன்னொண்ணு, காவலும் கொஞ்சம் அசந்துதான் இருக்கும். காய்ச்சல் அடிச்சா வீட்ல படுத்துக்கிட்டு இருக்காதீங்க, அந்த நிமிஷமே வாங்க. அடுத்த ஆள்."

செய்தி அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்பே லைனுக்கு வந்துவிட்டது, எப்படி வந்தது என்று தெரியாது, லைனில் எல்லாம் அப்படித்தான் வரும். சாயங்காலம் பெண்கள் வாசலில் கூடினார்கள். செல்லக்கிளிதான் பேச்செடுத்தாள். நாச்சியை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாத்திரை போட வேண்டாம்னு சொல்லலீங்க்கா. போடுங்க. மழை முடிஞ்சிரட்டுங்க. கார்த்திகை தாண்டிட்டாக் கொசு கொறஞ்சிரும். ஒரு ஒன்றரை மாசந்தான். எனக்கு… இவளுக்கு இன்னொரு வாட்டின்னா என்னால ஆகாதுங்க்கா."

அன்னக்கொடி மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி" என்றாள்.

அதற்குப்பிறகு அவளை லைன் தாங்கின தாங்கல் இருக்கிறதே, அப்படி யாரையும் அந்த லைன் தாங்கினதில்லை. அவள் குடத்தை யாராவது நிரப்பி வாசலில் வைத்துவிடுவார்கள், அவள் துணியை யாராவது துவைத்துக் காயப்போட்டுவிடுவார்கள், காலையில் இட்லி, மத்தியானம் ஒரு வீட்டுப் பருப்பு இன்னொரு வீட்டுக் கருவாடு, ஒடிசாப் பையன்கள் வந்து கேஸ் சிலிண்டர் மாட்டிக் கொடுத்தார்கள், சகாயமேரி சாயங்காலம் சாயங்காலம் விளக்கெண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்துவிட்டாள். அதில் பாதி பாசம், பாதி பயம். எது எந்தப் பாதி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, பொய்யும் இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. ஒச்சப்பன் மட்டும் வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு மாத்திரையைப் பிரித்து டிவி மேல் வைத்தான்.

"கொடி, போட்ரு."

"மழ முடியட்டும்யா."

அவன் எடுத்துப் பழையபடி தாளில் சுற்றி வைப்பான். நாலு வியாழன் அப்படிப் போயிற்று. நாலாவது வாரம் அவள் வலது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது, காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி. அதை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி, நல்ல மழை பெய்து ஓய்ந்த நேரம். சாக்கடை நிரம்பி விளிம்போடு ஓடிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள், நாச்சி நடை பழகி ஓட்டம் பழகியிருந்த சமயம், சாக்கடை விளிம்பில் போய் நின்று குனிந்து எதையோ பார்த்தாள். பக்கத்தில் இருந்தது அன்னக்கொடி. அவள் பார்த்தாள், ரெண்டே எட்டில் போனாள், கவுனின் முதுகுப் பக்கத்தை வலது கையால் பிடித்தாள். கையில் துணி இருந்தது. விரல் மூடவில்லை. துணி அவள் விரல்களுக்கு நடுவே மெதுவாக, நன்றாகத் தெரிகிற மாதிரி, உருவிக்கொண்டு போயிற்று, நாச்சி தலைகுப்புறச் சாக்கடைக்குள் விழுந்தாள்.

ஒன்பதாம் வீட்டிலிருந்து ஒரு பையன் குதித்துத் தூக்கிவிட்டான். மோவாயில் கிழிந்து ரத்தம், வாயெல்லாம் சாக்கடை. செல்லக்கிளி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள்.

"புடிக்க மாட்டியா நீ? கை இருக்குதல்ல? கைய வெச்சுக்கிட்டு என்ன பண்ற?"

"புடிச்சேன் கிளி" என்றாள் அன்னக்கொடி. கையை நீட்டிக் காட்டினாள். "மூடல."

சுண்டுவிரலை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். தப்பு யாருடையது என்று தெரியாமல் இருந்திருந்தால் பேசியிருப்பார்கள். நாச்சியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ போனது, மோவாயில் மூன்று தையல்.

அன்னக்கொடி வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு வியாழக்கிழமை இல்லை. அவள் காத்திருக்கவில்லை. தாளைப் பிரிக்க விரல் வராமல் பல்லால் கிழித்து, மாத்திரையைப் போட்டு, சொம்பை ரெண்டு உள்ளங்கையாலும் தூக்கித் தண்ணீர் குடித்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து வியாழன் தவறவில்லை.

துண்டுகள் உடனே நிற்கவில்லை, சந்தை கலைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன, இருபதுக்குப் பதில் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதில் ஐந்து, நிறமும் வெளுத்துக்கொண்டே வந்தது, கடைசியில் ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நீட்டின கை வெறும் கையாக இருந்தது. அன்றைக்கும் பெண்கள் குடத்தோடு வந்து பார்த்தார்கள். அடுத்த நாளும் பார்த்தார்கள். நாலாம் நாள் அன்னக்கொடி கையை நீட்டவில்லை, அவர்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முணுமுணுப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. இட்லி வருவது நின்றது. ஆனால் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எந்த நாள் தண்ணீர் கெட்டிருக்கும் என்று தெரியாததால் எல்லா நாளும் கொதிக்க வைத்தார்கள். எந்த நாள் கொசு வரும் என்று தெரியாததால் எல்லா டிரம்முக்கும் துணி கட்டினார்கள். ஒடிசாப் பையன்கள் எங்கிருந்தோ கடப்பாக் கல் கொண்டுவந்து சாக்கடையை மூடினார்கள். எட்டாம் வீட்டில் காவல் அசந்திருக்கிறது, சளியோடு அங்கே போகக்கூடாது என்று சகாயமேரி சட்டம் போட்டாள். ஒன்பதாம் வீட்டில் ஒருவனுக்கு இருமல் வந்தபோது அவன் தமிழில் விளக்கத் தெரியாமல், கம்பெனியிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு நடமாடினான். அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தும்மல் போட்டால் அம்பு. தொண்டை கட்டினால் அம்பு. அம்பு ஒட்டினவள் எட்டாம் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு குழாய்க்குப் போவாள், தூரத்திலிருந்தே, "நான் இன்னிக்கி ரிஜெக்ட்டுக்கா, நாளைக்கி வரேன்" என்று கத்துவாள்.

செல்லக்கிளி மட்டும் வரவில்லை. அம்பு ஒட்டியும் வரவில்லை, ஒட்டாமலும் வரவில்லை. ஒரே சுவர், இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஏழு. நாச்சி மோவாயில் தழும்போடு வந்து ஜன்னலில் முகத்தை அழுத்திப் பார்ப்பாள், உள்ளேயிருந்து "வா இங்க" என்று குரல் வரும், போய்விடுவாள். ரெண்டு மாதம் அப்படி.

தை மாதத்தில் அன்னக்கொடியின் விரல்கள் முக்கால்வாசி மடங்கின. சுண்டுவிரல் சாய்ந்தது சாய்ந்ததுதான், அது திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பிரஷ்ஷைப் பிடித்தாள். கொக்கியை அவளே மாட்டினாள். ஜடையை மட்டும் ஒச்சப்பனே பின்னட்டும் என்று விட்டுவிட்டாள். கம்பெனிக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு உடம்பு என்னவோ பண்ணியது. குளிரா, வெயிலா, வெறும் அசதியா தெரியவில்லை. பழக்கத்தில் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். கை புதுத் துணி மாதிரி சும்மா கிடந்தது. எத்தனை மாதமாக ஊருக்கெல்லாம் காய்ச்சல் பார்த்துச் சொன்ன கை, தனக்குக் காய்ச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. நெற்றியில் கை வைத்தாள், கையும் சுட்டது, நெற்றியும் சுட்டது, எது எதைச் சுடுகிறது என்று பிடிபடவில்லை. ஒச்சப்பன் ஷிப்டில் இருந்தான். சகாயமேரி சர்ச்சுக்குப் போயிருந்தாள். லைனில் அந்த நேரத்தில் திறந்திருந்தது ஒரே ஒரு கதவு.

அந்த நிமிஷமே வாங்க என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கூடவே, 'கை இருக்குதல்ல' என்று செல்லக்கிளி கேட்டதும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழாம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அன்றைக்கு வேலைக்குப் போகாத செல்லக்கிளி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

"கிளி" என்றாள் அன்னக்கொடி. "எனக்குச் சுடுதான்னு தெரியல. தொட்டுப் பாத்துச் சொல்லு."

செல்லக்கிளி தேய்ப்பதை நிறுத்தினாள். கையைக் கழுவினாள், பாவாடையில் துடைத்தாள், ஈரம் போக மறுபடியும் துடைத்தாள், எழுந்து வந்து புறங்கையை அன்னக்கொடியின் கழுத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. காய்ச்சலா என்று பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

"சுடுதுங்க" என்றாள். "நல்லாவே சுடுதுங்க்கா. எந்நேரத்திலிருந்து? ஏன் முன்னாலயே வரல? நில்லுங்க, ஆட்டோக்குச் சொல்றேன், நாச்சிய நானே தூக்கிக்கிறேன், நானும் வரேன்."

சொல்லிவிட்டு போனை எடுக்கத் திரும்பினாள். அன்னக்கொடி கழுத்திலிருந்து விலகின அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். நாலு விரல் ஒழுங்காக, ஒரு விரல் சாய்வாக, ஐந்தும் சுற்றி வந்து மூடின. தலை சுற்றிற்று, கீழே விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது, அதனால் இன்னும் இறுக்கினாள்.

செல்லக்கிளி குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "வலிக்குதுங்க்கா."

அன்னக்கொடி விடவில்லை. செல்லக்கிளியும் உருவிக்கொள்ளவில்லை, பிடிபட்ட கையோடு, இன்னொரு கையால் போனில் நம்பரைத் தேடினாள்.